ஹிகின்ஸன் ஹைவேயில் முதல்முறை வண்டி எடுப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை கோயில் தமிழ் வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று பேசுவோம். பேச்சு பெரும்பாலும் சாலையைப் பற்றித்தான் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாக வந்த குருக்கள், ஆசிரியர்கள், கணினி வேலைக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது எந்தச் சாலை?

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தை என்2 பெருஞ்சாலையோடு இணைக்கும் ஹிகின்ஸன் ஹைவே. வரைபடத்தில் எம்1 என்று போட்டிருக்கும். நடுவில் தடுப்பு, இரு பக்கமும் வண்டிகள், அங்கங்கே ஏறவும் இறங்கவும் வழிகள். நீளம் அதிகமில்லை. ஒரு முழு பக்திப் பாட்டு முடிவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். பயமும் அங்கேதான். நீண்ட நெடுஞ்சாலையில் ஏறினால் நூறு கிலோமீட்டருக்கு நிம்மதி. இங்கே ஏறி மூச்சு விடுவதற்குள் இறங்க வேண்டும். இந்தச் சாலையை ஓட்டத் தெரியும் என்றால் அதன் வாய்களில் நுழையவும் வெளியேறவும் தெரியும் என்றுதான் அர்த்தம். நடுவில் இருக்கும் நேர்ச்சாலையை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

காலையில் ஊரே இந்த ஒரு சாலைக்கு வருகிறதே, ஏன்?

இந்த ஊர் அப்படித்தான் வரையப்பட்டது. 1950-ல் வந்த குழுவாரிப் பகுதிச் சட்டத்தின்கீழ் இந்திய வம்சாவளியினரை நகரத்துக்குள்ளிருந்து கிளப்பி, 1960-களில் இந்தக் குன்றுகளில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். கேட்டோ மேனரில் வாழைத் தோட்டம் வைத்திருந்தவர்களும், மாகசீன் பாரக்ஸில் இருந்த நகராட்சித் தொழிலாளர் குடும்பங்களும் அதில் அடக்கம். கடைசியில் சொன்னவர்களில் தமிழரும் தெலுங்கரும் நிறையப் பேர். வேலை இருந்த இடம் கடலோரம், வீடு கிடைத்த இடம் மலை. ஊரை ‘யூனிட்’ யூனிட்டாகப் பிரித்து எண் போட்டவர்கள், வெளியே போகும் வழிகளைக் கொஞ்சமாகத்தான் வைத்தார்கள். யூனிட் 2 பேவியூ, யூனிட் 3 வெஸ்ட்கிளிஃப், யூனிட் 5 குரோஃப்ட்டீன். பழைய ஆட்கள் இன்னமும் எண்ணைச் சொல்லித்தான் வழி சொல்வார்கள். அதனால் காலை ஆறரைக்கு யூனிட்டுகள் எல்லாம் ஒரே வாய்க்காலில் வந்து விழுகின்றன.

நான் ஊரில் இருபது வருஷம் ஓட்டியவன். இங்கேயும் இடது பக்கம்தானே, என்ன பெரிய வித்தியாசம்?

கை பழகியிருக்கும், காது பழகியிருக்காது. நம் ஊரில் ஹாரன் என்றால் ‘நான் வருகிறேன்’ என்று அர்த்தம். இங்கே ஹாரன் அடித்தால் திட்டுவதாக எடுத்துக்கொள்வார்கள். ஆட்களைச் சேர்த்து ஏற்றிப்போகும் மினிபஸ் டாக்ஸிக்காரர் அடித்தால் மட்டும் ‘வருகிறீர்களா?’ என்று ஆள் கூப்பிடுகிறார். ஹெட்லைட்டும் அப்படித்தான். ஊரில் மின்னினால் ‘நான் நிறுத்த மாட்டேன், ஒதுங்கு’. இங்கே பல நேரம் ‘நீங்கள் போங்கள்’. சில நேரம் ‘முன்னால் போலீஸ் நிற்கிறது’. எதிரே வந்தவர் ஏன் மின்னினார் என்று புரியாவிட்டால், ஒன்றும் தெரியாதவர் போல் அமைதியாக நில்லுங்கள். ஊகித்துக் கிளம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று: டிராஃபிக் சிக்னலை இங்கே ‘ரோபாட்’ என்பார்கள். ‘மூன்றாவது ரோபாட்டில் வலது பக்கம் திரும்பு’ என்று யாராவது வழி சொன்னால் இயந்திர மனிதனைத் தேட வேண்டாம்.

எவ்வளவு வேகத்தில் போகலாம்?

பலகை எதுவும் இல்லாவிட்டால் ஊருக்குள் 60, வெளியே 100, ஃப்ரீவேயில் 120. பலகை இருந்தால் பலகை சொல்வதுதான் சட்டம். புறநகர் விரைவுச்சாலைகளில் அது இடத்துக்கு இடம் மாறும், அதனால் நேற்றைய நினைவை வைத்து ஓட்டாதீர்கள்.

வேகமாகப் போனால் என்ன மிச்சம் என்று ஒரு கணக்கு. 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80-ல் போனால் நாலரை நிமிடம். 100-ல் 3 நிமிடம் 36 விநாடி. 120-ல் 3 நிமிடம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினாலும் ஒன்றரை நிமிடம்தான் லாபம். இறங்கியதும் முதல் ரோபாட் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். என்னைச் சீறிக்கொண்டு தாண்டிப் போன வெள்ளை பக்கியின் பின்னாலேயே அந்த ரோபாட்டில் போய் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். (பக்கி என்றால் பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டி. இங்கே வீட்டுக்கு ஒன்று இருக்கும்.)

ஆன்-ராம்ப்பில், அதாவது ஹைவேக்குள் நுழையும் வழியில், ஏறும்போது கை நடுங்குகிறது. எப்படிச் சேர்வது?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கும் நடுங்கியது. முதல் மாதம், ராம்ப்பின் முடிவில் போய் பிரேக் போட்டு நின்றுவிட்டேன். வலது பக்கம் வண்டிகள் விர்ரென்று போகின்றன, எனக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னால் கரும்பு ஏற்றுவது போன்ற நீள ட்ரக் ஒன்று. அவர் பிரேக் அடித்த சத்தத்தில் என் முதுகு இருக்கையை விட்டு எழுந்தது. கண்ணாடியில் அவர் வண்டியின் முன் கிரில் மட்டும்தான் தெரிந்தது. அன்று தப்பித்தது என் திறமையால் இல்லை, அவருடைய பிரேக்கால்.

ராம்ப் என்பது காத்திருக்கும் இடம் இல்லை, வேகம் எடுக்கும் இடம். சாலையில் போகிறவர்கள் 80-ல் போனால், நீங்கள் சேரும் இடத்தில் உங்கள் முள்ளும் 80-ஐத் தொட்டிருக்க வேண்டும். வளைவு முடியும்போது 40-ல் இருக்கிறீர்கள் என்றால், சாதாரணச் சின்னக் கார் ஒன்று நிதானமாக மிதித்தாலே ஏழெட்டு விநாடியில், ஏறக்குறைய 125 மீட்டரில் 80-க்கு வந்துவிடும். அந்த 125 மீட்டரைப் பயத்தில் 50-லேயே உருட்டி வீணாக்கிவிட்டால், கடைசியில் சுவரும் ட்ரக்கும்தான் மிச்சம்.

வரிசை இதுதான். ராம்ப்பில் திரும்பியதுமே வலது இண்டிகேட்டர். வளைவிலேயே தலையை ஒருமுறை திருப்பிச் சாலையைப் பாருங்கள். எந்த இரண்டு வண்டிக்கு நடுவில் போகப் போகிறீர்கள் என்று அப்போதே முடிவு செய்யுங்கள். அப்புறம் மிதியுங்கள். ஒருமுறை பக்கக் கண்ணாடி, ஒருமுறை தோளுக்கு மேல். கண்ணாடியில் தெரியாத ஒரு மூலை உண்டு, மோட்டார் சைக்கிள் சொல்லிவைத்தாற்போல் அங்கேதான் இருக்கும். இடம் இருந்தால் மெதுவாக நழுவிச் சேருங்கள், வெட்டித் திருப்ப வேண்டாம். சேர்ந்தபின் இண்டிகேட்டரை அணையுங்கள். பாதிப் பேர் அதை மறந்து அடுத்த இறக்கம் வரை கண்ணடித்துக்கொண்டே போகிறார்கள்.

சாலையில் ஏற்கெனவே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை. ஆனால் நீங்கள் அந்த இடத்தில் இருந்து, ராம்ப்பிலிருந்து ஒருவர் வருவது தெரிந்தால், வலது லேன் காலியாக இருக்கும்போது ஒதுங்கிக் கொடுங்கள். காசா பணமா?

இடது லேனா, வலது லேனா?

குறுகிய தூரம் போகிறவருக்கு இடது. முந்தும்போது மட்டும் வலது. ஆனால் ஒரு நெளிவு உண்டு. இடது லேனில்தான் ஏறுபவர்களும் இறங்குபவர்களும் குறுக்குமறுக்காக நெய்துகொண்டிருப்பார்கள். அதனால் அங்கே இடைவெளி அதிகம் விடுங்கள். இரண்டு விநாடி இடைவெளி என்று ஓட்டுநர் தேர்வுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். 80-ல் அது 44 மீட்டர், பத்து கார் நீளம். விட்டுப் பாருங்கள், உடனே ஒருவர் அதில் வந்து நுழைவார். நுழையட்டும். மறுபடி இடைவெளி விடுங்கள்.

இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுவிட்டால்?

போய்விட்டது என்று விடுங்கள். அடுத்ததில் இறங்கித் திரும்பி வாருங்கள். ரிவர்ஸ் எடுப்பதும், ராம்ப் பிரியும் இடத்தில் வெள்ளைக் கோடு போட்ட முக்கோணத்தில் குறுக்கே பாய்வதும் தற்கொலை. நகருக்கு வெளியே தவறவிட்டால் இருபது கிலோமீட்டர் அலைய வேண்டும். இங்கே சில நிமிடம்தான். தவறவிடுவதற்கு இதைவிட வசதியான சாலை கிடையாது.

பார்க்க வேண்டியது பலகையை, கட்டடத்தை இல்லை. குரோஃப்ட்டீனில் 1985-ல் திறந்த ராதா ராதாநாத் கோயிலைப் பார்க்க வருபவர்கள், கோபுரம் பளபளவென்று தெரிந்தபிறகுதான் லேன் மாறுகிறார்கள். கோபுரம் தெரியும்போது நேரம் கடந்துவிட்டது. ஆர்.கே.கான் மருத்துவமனைக்குப் பதற்றத்தோடு வருபவர்களும் இப்படித்தான். பக்கத்தில் இருப்பவரைப் பலகை படிக்கச் சொல்லுங்கள்.

ராம்ப்பின் அடியில் இருக்கும் சந்திப்பில் என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் உங்கள் காலைக் கவனியுங்கள். 80-ல் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் 60 என்பது ஊர்வது போலத் தோன்றும். உணர்வை நம்பாமல் முள்ளைப் பாருங்கள். காய்ந்த சாலையில் 60-ல் வரும் கார் நிற்க, யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 45 முதல் 50 மீட்டர் வேண்டும். 80-ல் வந்தால் 75 மீட்டரைத் தாண்டும். ராம்ப் அடியில் வரிசை எங்கே முடிகிறது என்பது வளைவைத் தாண்டினால்தான் தெரியும்.

ரோபாட்டில் மஞ்சள் என்றால் ‘சீக்கிரம் போ’ இல்லை. பத்திரமாக நிற்க முடிந்தால் நிற்க வேண்டும்.

வலது பக்கம் திரும்ப வேண்டும், முழுப் பச்சை எரிகிறது: எதிரே வருபவர்களுக்கு வழி விட்டுத்தான் திரும்ப வேண்டும். சந்திப்பின் நடுவரை முன்னேறி, சக்கரத்தை நேராக வைத்துக் காத்திருக்கலாம். சக்கரத்தை முன்கூட்டியே வலது பக்கம் ஒடித்து வைக்காதீர்கள். பின்னால் யாராவது இடித்தால் நேரே எதிர் வண்டியின் முன் போய் விழுவீர்கள். ரோபாட் மாறி, எதிரே வருபவர்கள் நின்றபின் திரும்பி முடியுங்கள். பச்சை அம்புக்குறி மினுக்கினால் அது உங்களுக்கே உரிய நேரம். அப்போதும் ஒரு கண் எதிரே.

இடது பக்கம் திரும்புவது எப்போதும் இலவசம் என்ற நம் ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது. சிவப்பு என்றால் நிற்க வேண்டும். இடது அம்புக்குறி மினுக்கினாலோ, தனியாகப் பிரியும் வழியில் ‘வழிவிடு’ முக்கோணம் இருந்தாலோதான் போகலாம்.

ரோபாட் எரியவே இல்லை. என்ன செய்வது?

நாலு பக்க ஸ்டாப் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மட்டும் மினுக்கினாலும் அதுதான். ஒவ்வொருவரும் முழுதாக நிற்க வேண்டும், முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். வலது பக்கத்தவருக்கு முன்னுரிமை என்ற பேச்சே கிடையாது, வந்த வரிசைதான். மின்வெட்டுக் காலத்தில் இந்த ஊர் இதை அழகாகக் கற்றுக்கொண்டது. பத்து சந்திப்பு இருட்டில் கிடக்கும், ஆனாலும் ஒருவர், அடுத்தவர், அடுத்தவர் என்று கோலப்புள்ளி போல நகர்வார்கள். கேபிள் திருட்டால் இன்னமும் இப்படி ஆகும். புதியவர்கள் இரண்டு வகையாகச் சொதப்புகிறார்கள். ஒருவர் முன்னால் போன வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு தானும் போவார். இன்னொருவர் மரியாதைக்கு எல்லோரையும் ‘நீங்கள் போங்கள்’ என்று கையசைத்து, வரிசையையே குழப்புவார். உங்கள் முறை வந்தால் போய்விடுங்கள்.

ரவுண்டானா வட்டத்தில்?

பெரிய வட்டத்தில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி. குடியிருப்புத் தெருக்களில் இருக்கும் சின்ன வட்டத்தில் கோட்டை முதலில் தொட்டவர் முதலில்.

சாலையோர மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒதுங்கிச் சிலர் வழி விடுகிறார்களே, நானும் விடலாமா?

நல்ல மனம்தான், ஆனால் இந்தச் சாலைக்குப் பொருந்தாது. ஒரு பக்கத்துக்கு ஒரே லேன் இருக்கும் நாட்டுப்புறச் சாலையில், பகலில், 150 மீட்டர் முன்னால் தெளிவாகத் தெரியும்போது, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. தாண்டியவர் ஹேஸர்ட் விளக்கை (எல்லா இண்டிகேட்டரும் ஒன்றாக மினுக்குவது) இரண்டு முறை மினுக்கி நன்றி சொல்வார். பதிலுக்கு நீங்களும் விளக்கை மினுக்கலாம். தென்னாப்பிரிக்காவில் எனக்குப் பிடித்த வழக்கங்களில் ஒன்று. ஆனால் நடுத்தடுப்பும் இரண்டு லேனும் உள்ள சாலையில் அந்த ஓரம் பழுதான வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும்தான். நெரிசலில் அதில் பாயும் ஆட்களைப் பார்த்து நீங்களும் பின்னால் போகாதீர்கள்.

மினிபஸ் டாக்ஸிகளை எப்படிச் சமாளிப்பது?

எங்கே வேண்டுமானாலும் நிற்கும் என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். ஓரத்தில் ஒருவர் விரலை உயர்த்தி நிற்பது தெரிந்தால், உங்கள் முன்னால் போகும் டாக்ஸிக்கு இண்டிகேட்டர் போடும் எண்ணம் இல்லை என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். சண்டைக்குப் போகாதீர்கள். அவர் ஒரு நாளில் ஓட்டும் தூரத்தை நாம் ஒரு வாரத்தில் ஓட்டுவதில்லை.

காலையிலும் மாலையிலும் கண் கூசுகிறதே?

அது எங்கள் ஜாதகம். சாட்ஸ்வொர்த் என்2-வுக்கு மேற்கே இருக்கிறது. காலையில் கடல் பக்கம் போகும்போது சூரியன் முகத்துக்கு நேரே. வேலை முடிந்து திரும்பும்போது அதே சூரியன் மறுபடி முகத்துக்கு நேரே. வாழ்நாள் முழுக்க சூரியனைப் பார்த்தே ஓட்டுகிறோம். முன் கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள்; கூச்சத்தில் பாதி அந்தப் படலம்தான். கறுப்புக் கண்ணாடி வண்டியிலேயே இருக்கட்டும். உங்களுக்குக் கூசினால் பின்னால் வருபவருக்கும் கூசும் என்பதை நினைத்து, திடீர் பிரேக் வேண்டாம்.

மழையில்?

டர்பனில் மழை கோடையில்தான், அதாவது நமக்கு மார்கழி, தை என்றிருக்கும் மாதங்களில். நாள்கணக்காகக் காய்ந்து கிடந்தபின் வரும் முதல் கால்மணி நேரம் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் ரப்பர் தூளும் கரைந்து சோப்புப் போட்டதுபோல் ஆகிவிடும். ராம்ப் வளைவில்தான் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள். தண்ணீர் ஓடும் தாழ்வான சந்திப்பில் இறங்கவே வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாநிலத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இங்கே தண்ணீரை யாரும் லேசாக எடுப்பதில்லை.

சாலையைக் குறுக்கே நடந்து கடக்கிறார்களே?

கடக்கிறார்கள். நடைபாலம் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால், வேலை முடிந்து களைத்து வருபவர் தடுப்பைத் தாண்டத்தான் பார்ப்பார். அந்தி நேரம், கறுப்புச் சட்டை, எதிர் விளக்கு: இந்த மூன்றும் சேர்ந்தால் கடைசி நொடியில்தான் தெரியும். ஓரத்தில் வண்டி நின்றிருந்தாலும், நடுத்தடுப்பில் ஆள் அசைவு தெரிந்தாலும் காலை எடுத்துவிடுங்கள். வெள்ளி, சனிகளில் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட் பக்கத்துத் தெருக்களில் கீரைக்கட்டும் பச்சைமிளகாயும் தூக்கிக்கொண்டு ஆயாக்கள் கடப்பார்கள். அவர்களும் ரோபாட்டைப் பார்ப்பதில்லை, அவர்களிடம் வாதாடவும் முடியாது.

நடுவழியில் வண்டி நின்றுவிட்டால்?

உருட்ட முடிந்தால் அடுத்த இறக்கம் வரை உருட்டுங்கள். முடியாவிட்டால் மஞ்சள் கோட்டுக்கு வெளியே, ஹேஸர்ட் போட்டு, இடது பக்கக் கதவு வழியாக எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம். எச்சரிக்கை முக்கோணத்தை 45 மீட்டர் பின்னால் வையுங்கள். கைப்பேசியிலிருந்து 112. போலீஸுக்கு 10111. என்2-வில் என்றால் ஓரத்துச் சின்னப் பலகையில் இருக்கும் சாலை எண்ணையும் கிலோமீட்டரையும் படித்துச் சொல்லுங்கள். ‘பெரிய மரத்துப் பக்கம்’ என்று சொன்னால் யாரும் வந்து சேர மாட்டார்கள்.

மோதல் என்றால் நிறுத்தியே ஆக வேண்டும். யாருக்காவது அடிபட்டிருந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிய வேண்டும்.

ராம்ப் ரோபாட்டில் கண்ணாடியை உடைத்துப் பறிக்கிறார்கள் என்கிறார்களே?

நடக்கிறது. கைப்பையை இருக்கையில் வைக்காதீர்கள், டிக்கியில் வையுங்கள், அதையும் கிளம்பும் முன்பே. முன் வண்டியின் பின்சக்கரம் சாலையைத் தொடும் இடம் உங்களுக்குத் தெரியும்படி தள்ளி நில்லுங்கள். ரிவர்ஸ் எடுக்காமலே ஒதுங்கிப் போக அந்த இடைவெளி போதும். இரவில் தூரத்தில் சிவப்பு தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, பச்சை விழும்போது போய்ச் சேரும்படி ஊர்ந்து வாருங்கள்.

லைசென்ஸ், குழந்தை, குடி?

லைசென்ஸ் ஆங்கிலத்தில் அச்சாகி, படமும் கையெழுத்தும் இருந்து, காலாவதியாகாமல் இருந்தால் தற்காலிகமாக வந்தவர் ஓட்டலாம். நிரந்தரமாகத் தங்கினால் இங்கத்திய அட்டைக்கு மாற்ற வேண்டும். 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 2015 முதல் குழந்தை இருக்கை கட்டாயம். மடியில் வைப்பதெல்லாம் ஊரோடு போகட்டும். மது: ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம் எல்லை, தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02.

வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம் கோயிலுக்குப் போக வேண்டும். அங்கே என்னமோ பாலம் பாலமாகச் சுற்றுகிறதே?

என்2-வும் எம்41-உம் சந்திக்கும் இடம். எம்41-உம் நம்முடையதைப் போலக் குட்டிச் சாலைதான். 2018-ல் நாலு அடுக்குப் பாலமாகக் கட்டி முடித்தார்கள், அதில் ஒன்று மட்டும் 948 மீட்டர். கீழிருந்து பார்த்தால் தேங்குழல் பிழிந்ததுபோல் இருக்கும், மேலே ஓட்டினால் அப்படி ஒன்றும் சிக்கல் இல்லை. உங்கள் பலகையைப் பார்த்து நேரத்தோடு லேன் பிடித்தால் பாலமே உங்களைக் கொண்டுபோய் விடும். நடுவில் மனம் மாறினால்தான் ஆபத்து.

ஹேஸர்ட் விளக்கு போட்டுக்கொண்டு வரிசையாகக் கார்கள் வருகின்றனவே, அது என்ன?

சாவு வீட்டு ஊர்வலம். பெரும்பாலும் மொபேனி ஹைட்ஸ் மயானத்துக்குப் போவார்கள். நடுவில் புகுந்து வரிசையை அறுக்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். வலது லேனில் தாண்டிப் போகலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அந்த வரிசையில் நீங்களே போவதாக இருந்தால் ஒன்று: முன் வண்டியைத் தவறவிடுவோமோ என்று சிவப்பு ரோபாட்டைத் தாண்டாதீர்கள். ஊர்வலத்துக்கென்று சிவப்பில் போக உரிமை கிடையாது. மயானம் எங்கே என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் பிந்திப் போனாலும் கொள்ளி வைக்கும் முன் போய்விடலாம்; மந்திரம் சொல்லும் குருக்களும் அநேகமாக அதே ரோபாட்டில்தான் நின்றுகொண்டிருப்பார்.